பசைக்கு முன்னால் தளம்

(தச்சர்கள், கட்டட மேஸ்திரிகள், வீடு கட்டுவோர் ஆகியோருக்காகச் சென்னையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கான்கிரீட் தளத்தின்மேல் மரப்பலகை ஒட்ட விரும்புகிறவர்கள் என்னிடம் வந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான். "இருப்பதிலேயே கெட்டியான பசை எது, ஐயா?" என்கிறார்கள். "கெட்டியான" என்ற அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வீடு நினைவுக்கு வருகிறது.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. தென்சென்னையில் கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு கட்டியிருந்தார். தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த அறையைப் படிக்கும் அறையாக வைத்துக்கொண்டு, அதற்குத் தேக்குத் தரை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். தளம் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கடையில் கெட்டியாகப் பிடிக்கும் என்று சொல்லித் தந்த வெள்ளைப் பசையை வாங்கி, மே மாத வெயிலில் பலகைகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நவம்பரில் அவர் தொலைபேசியில் அழைத்தார். போய்ப் பார்த்தேன். அறை நடுவில் ஐந்தாறு பலகைகள் கூடாரம்போல எழும்பி நின்றன. மீதிப் பலகைகள் ஓரம் உயர்ந்து நடு தாழ்ந்து, வரிசையாகக் கவிழ்க்காமல் வைத்த ஓடுகள்போல இருந்தன. ஒரு பலகையைக் கையாலேயே தூக்கினேன், வந்துவிட்டது. அடியில் பசை தயிர்போல் வெளுத்து இளகிக் கிடந்தது. "நீங்க சொன்னபடிதானே தம்பி செஞ்சோம்" என்று மட்டும் அந்தப் பெரியவர் சொன்னார்.

அந்தப் பசையில் குறை எதுவும் இல்லை. அதன் வேலை அதுவல்ல, அவ்வளவுதான். நான் பசையைப் பற்றி மட்டும் கேட்டேன், தளத்தைக் கேட்கவில்லை, மரத்தையும் கேட்கவில்லை. பசை கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு என்பதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் தளம். கான்கிரீட் போட்டு 28 நாள் ஆனால் வேலை முடிந்தது என்பது நம் கட்டுமான உலகத்தில் வேரூன்றிய எண்ணம். 28 நாள் என்பது வலிமைக் கணக்கு. உலர்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. உலராமல் இருக்கவேண்டும் என்றுதானே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம்? குறைந்தது 7 நாளாவது ஈரம் காக்கவேண்டும் என்று கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதியே சொல்கிறது. தண்ணீர் நிறுத்தும் இந்த நீராற்றல் முடிந்த நாளில்தான் உலர்தலே தொடங்குகிறது.

எவ்வளவு தண்ணீர் என்று தோராயமாகப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 320 கிலோ சிமெண்ட், அதன் எடையில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 160 லிட்டர். சிமெண்ட் தன்னோடு வேதியியல் முறையில் கட்டிக்கொள்வது தன் எடையில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 75, 80 லிட்டர். 4 அங்குலத் தளத்தில் ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால், சிமெண்டோடு சேராத தண்ணீர் ஏறக்குறைய 8 லிட்டர் வருகிறது. அதில் ஒரு பகுதி நுண்துளைகளிலேயே தங்கிவிடும். மீதி மேல்பரப்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். நல்ல காற்றோட்டத்தில் ஓர் அங்குலத் தடிமன் உலர ஒரு மாதம் என்று கட்டடக்காரர்கள் ஒரு வழக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 4 அங்குலத்துக்கு நான்கு மாதம். அதுவும் மேலே மழையோ, சலவைத் தண்ணீரோ, வண்ணம் அடிப்பவர் கழுவிய வாளியோ படாமல் இருந்தால்தான்.

மாடித் தளத்துக்கு இந்தக் கணக்கு போதும். மண்மேல் நிற்கும் தரைத்தளம் வேறு கதை. அதன் அடியில் பாலிதீன் தாள் விரிக்காமல் ஜல்லிமேல் நேராகக் கான்கிரீட் போட்ட வீடுகள் நம் ஊரில் ஏராளம். அந்தத் தளம் எந்த நாளும் முழுதாக உலராது. மண்ணின் ஈரத்தை விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல இழுத்துக்கொண்டே இருக்கும். சுவரில் ஓதம் ஏறுவதைப் பார்க்கிறோம், உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்வதைப் பார்க்கிறோம். தரையிலும் அதேதான் நடக்கிறது. அங்கே ஆவியாகிப் போய்விடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. அதன்மேல் பலகையை ஒட்டி மூடியதும் ஆவிக்குப் போக்கிடம் இல்லாமல் மரத்துக்குள் ஏறுகிறது.

நம் பழைய வீடுகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண் உண்டு, கதவு உண்டு, உத்தரம் உண்டு. தரையில் ஆத்தங்குடிக் கல்லும் பளிங்கும்தான். பலகைத் தளம் வேண்டுமென்றால் மச்சுக்குப் போட்டார்கள். நீலகிரியில் வெள்ளையர் கட்டிய பங்களாக்களில் தரைத்தளத்திலேயே மரத்தரை உண்டு. அங்கே பலகைக்குக் கீழே சட்டங்கள், சட்டங்களுக்குக் கீழே காற்று இருக்கும். அடிச்சுவரைச் சுற்றி வந்தால் காற்றுத் துளைகள் தெரியும். மரத்தை மண்ணிலிருந்து பிரித்து வைத்தார்கள். கான்கிரீட்டில் நேராக ஒட்டும்போது அந்தக் காற்று வெளி செய்த வேலையை நாம் வேறு வழியில் செய்தாக வேண்டும்.

கையை வைத்துப் பார்த்து ஈரம் தெரியாது. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் ஒட்டி, ஓரங்களை நாடாவால் அடைத்து, ஓர் இரவு கழித்துப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. அடியில் நீர்த்துளி இருந்தால் தளம் ஈரம் என்பது உறுதி. துளி இல்லையென்றால் காய்ந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது, ஏனென்றால் ஆழத்து ஈரம் ஓர் இரவில் மேலே வராது. நான் நம்புவது துளையிட்டு அளக்கும் முறையை. ஒரு பக்கம் மட்டும் உலரும் தளத்தில் தடிமனில் 40 சதவீத ஆழத்துக்குத் துளைபோட்டு, உணர்கருவியை உள்ளே வைத்து மூடி, ஒரு நாள் விட்டு ஈரப்பதம் படிக்க வேண்டும். 100 மி.மீ. தளமென்றால் துளை 40 மி.மீ. தளத்தை மூடியபின் உள்ளிருக்கும் ஈரம் மேலும் கீழும் பரவிச் சமநிலைக்கு வரும். அப்போது பசையின் அடியில் நிற்கப்போகும் ஈரத்தை இந்த ஆழம் முன்கூட்டியே காட்டிவிடும். அதனால்தான் 40 சதவீதம். மரத்தரைக்குப் பெரும்பாலும் கேட்கப்படும் எல்லை 75 சதவீதம். அதற்கு மேலே இருந்தால் காத்திருக்கவேண்டும், இல்லையேல் ஈரத்தடுப்புப் பூச்சு அடிக்கவேண்டும். மண்மேல் நிற்கும் தளத்துக்குக் காத்திருப்பது பயனில்லை. இரண்டு கை எபாக்சித் தடுப்புப் பூச்சு அடித்துத்தான் ஆகவேண்டும்.

இனி மரம். மரம் அறுபட்ட பிறகும் காற்றில் உள்ள ஈரத்தை வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரத்தில் ஈரம் 9 சதவீதம் அளவில் நிற்கும். 70 சதவீதம் என்றால் 13. 80 சதவீதம் என்றால் 16ஐ நெருங்கும். ஏ.சி. ஓடும் அறையில் மே மாதம் 9 இருக்கும் பலகை, ஐப்பசி மழையில் சன்னலைத் திறந்து வைத்த வீட்டில் 13க்குச் சாதாரணமாகப் போய்விடும். இந்த நான்கு சதவீதம் என்ன செய்யும்?

120 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். வளையங்களைத் தொட்டுச் செல்லும் வாக்கில் அறுத்தது என்றால், நான்கு சதவீத ஈர மாற்றத்துக்கு 0.9 மி.மீ. அகலம் கூடும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். 12 அடி அறையில் இப்படி 30 பலகை. மொத்தம் 27 மி.மீ. தேக்கு அடக்கமான மரம், அதற்கே இவ்வளவு. இறக்குமதியாகும் ஓக் இதே ஈரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், 50 மி.மீ.க்கும் மேல். நீளவாக்கில் மட்டும் மரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு விரியாது.

மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாகச் செதுக்கிய ஆப்புக் குழிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழியில் மர ஆப்பை இறக்கித் தண்ணீர் ஊற்றி, மரம் ஊதும் வேகத்தில் பாறையைப் பிளந்தார்கள் என்று சிற்பிகள் சொல்வார்கள். கருங்கல்லுக்கு எதிராக நிற்கும் பொருள் என்று பெயரெடுத்த ஒன்றை ஒரு மில்லிமீட்டர் பசையால் அசையாமல் கட்டிப்போட நினைக்கிறோம். பசை விட்டுக்கொடுக்காவிட்டால் வேறேதாவது உடையும். பலகை வெடிக்கலாம், அல்லது தளத்தின் மேல்தோல் பசையோடு சேர்ந்து பெயர்ந்து வரலாம். பெயர்ந்த பலகையின் முதுகில் சிமெண்ட் ஒட்டியிருந்தால், பசை தோற்கவில்லை, தளத்தின் தோல் தோற்றது என்று பொருள். "கெட்டியான பசை" என்ற பேச்சு இங்கேதான் நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. அகலப் பலகைக்குத் தேவை, பிடித்துக்கொண்டே கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும் பசை.

ஒட்டுப்பலகை அடுக்கின்மேல் மெல்லிய தேக்கோ ஓக்கோ பதித்து வரும் அடுக்குப் பலகைகள் கதை வேறு. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் ஒன்றின் விரிவை மற்றொன்று தடுக்கும். நம் கடலோர ஊர்களுக்கு முழு மரத்தைவிட அவையே பொருத்தம் என்பது என் கருத்து. தேக்கின்மேல் எனக்குள்ள பற்றையும் மீறித்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது பசைக்கு வருவோம். நம் தாத்தாக்கள் காலத்துத் தச்சர் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைச் சுடச்சுடத் தடவினார். 1959இல் பெவிகால் வந்த பிறகு வெள்ளைப் பசை வஜ்ஜிரச் சட்டியைப் பட்டறையிலிருந்து விலக்கியது. மரத்தோடு மரம் ஒட்ட, நாற்காலிக்கும் கதவுக்கும், வெள்ளைப் பசை மிகச் சிறந்தது. தரையில் அதற்கு இரண்டு தடைகள். ஒன்று, அது தண்ணீர் கலந்த பசை. தரைக்குச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ தடவினால் அதில் 350 கிராம் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 மி.மீ. தேக்கு ஒரு சதுர மீட்டர் 9, 10 கிலோ இருக்கும். அந்தத் தண்ணீரில் பாதியை மரம் குடித்தாலே ஈரம் 2 சதவீதம் ஏறிவிடும், அதுவும் அடிப்பக்கம் மட்டும். ஒட்டிய அன்றைக்கே பலகை வளையத் தொடங்க இது போதும். இரண்டு, காய்ந்தபின்னும் ஈரம் தொடர்ந்து பட்டால் இளகும். ஆசிரியர் வீட்டில் நான் பார்த்த தயிர் அதுதான். நன்றாக உலர்ந்த, நீரை உறிஞ்சும் மாடித் தளத்தில், விரல் நீளச் சிறு துண்டுகளைப் பின்னல்போல் பதிக்கும் தரைக்கு வெள்ளைப் பசை போதும். ஒவ்வொரு துண்டும் அசைவது மிகக் கொஞ்சம் என்பதால் அது தாங்கிக்கொள்ளும்.

பி.யூ. என்று கடையில் கேட்கும் பாலியூரித்தேன் பசையில் தண்ணீர் இல்லை. காற்றிலும் தளத்திலும் உள்ள சிறு ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஓட்டோ பேயர் 1937இல் ஜெர்மனியில் கண்டறிந்த வேதியியலின் வழிவந்தது. பிடிப்பு அருமை. ஆனால் ஈரம் மிகுந்தால் கரியமில வாயு கிளம்பி நுரைக்கும், நுரைத்த பசைக்கு உறுதி இல்லை. பலகையின் மேற்பரப்பில் பட்டுக் காய்ந்தால் துடைத்து எடுப்பது பெரும்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக அதில் ஐசோசயனேட் உண்டு. தொடர்ந்து மூச்சில் போனால் ஆஸ்துமா வரவழைக்கும் பொருள் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், அது 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருளைத் தொழிலில் கையாள்பவருக்குப் பயிற்சி கட்டாயம். இங்கே நம் தம்பிகள் கையுறைகூட இல்லாமல், சன்னலைச் சாத்திவிட்டு, குந்தி உட்கார்ந்து தடவுகிறார்கள். மேஸ்திரிகளே, உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளின் நுரையீரல் உங்கள் பொறுப்பு. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

சிலேன் பாலிமர், கடையில் எம்.எஸ். பாலிமர் என்பார்கள். 1970களின் இறுதியில் ஜப்பானின் கனேகா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வகை. இதிலும் தண்ணீர் இல்லை, ஐசோசயனேட்டும் இல்லை. ரப்பர்போல இழுபடும். மேலே பட்டாலும் இறுகுவதற்குள் துடைத்துவிடலாம். வலிமைக் கணக்கில் பி.யூ.வைவிடக் குறைவாகத் தெரியும், விலையும் கூடுதல். ஆனாலும் 27 மி.மீ. விரியத் துடிக்கும் தரைக்கு அந்த நெகிழ்வுதான் காப்பு. தரைப் பசைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17178 தரமே பசைகளைக் கடினம், நடுத்தரம், நெகிழ்வு என்று பிரித்துத்தான் பார்க்கிறது. டப்பாவில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

பழைய மொசைக் அல்லது டைல்ஸ் தரையின்மேலேயே பலகை ஒட்ட வேண்டியிருந்தால் இந்த வரிசை மாறும். அங்கே கீழே உறிஞ்சும் வழியில்லை, ஈரத்தால் இறுகும் பசைகள் பலகைக்கு அடியில் காற்றுப் படாமல் மெதுவாகவே இறுகும். இரண்டு பாகங்களைக் கலந்து தடவும் பி.யூ. பசை தானே இறுகிக்கொள்ளும், அதற்குத் தண்ணீரும் காற்றும் தேவையில்லை. டைல்ஸின் பளபளப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, தட்டிப் பார்த்து டொக் டொக்கென்று ஓட்டைச் சத்தம் வரும் கற்களைப் பெயர்த்துவிட்டு அதைப் போடலாம்.

தளத்தின் தோலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தேய்த்து வழுவழுப்பாக்கிய தளத்தின்மேல் சிமெண்ட் பால் ஆடைபோலப் படிந்திருக்கும். ஆணியால் கீறினால் மாவுபோல் உதிரும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. ஒரு சொட்டுத் தண்ணீரை விடுங்கள். உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது. முத்துப்போல் நின்றால் மெழுகோ, எண்ணெயோ, நீராற்றலுக்கு அடித்த மருந்தோ மேலே இருக்கிறது. அரைத்து எடுத்துத் தூசியை இயந்திரத்தால் உறிஞ்சிய பிறகே மேற்கொண்டு வேலை. பள்ளம் மேட்டைப் பசையை அள்ளிப்போட்டு நிரப்பாதீர்கள். இரண்டு மீட்டர் மட்டக்கோலுக்கு அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் சமன்செய்யும் சாந்து போட்டு உலரவிடுங்கள்.

பல் வைத்த கரண்டியை இழுக்கும்போது பசை வரிவரியாக நிற்கவேண்டும். பலகையை வைத்து அழுத்தியதும் வரிகள் கலந்து ஒன்றாக வேண்டும். பத்துப் பலகைக்கு ஒன்றைத் தூக்கி முதுகைப் பாருங்கள். ஐந்தில் நான்கு பங்காவது பசை பிடித்திருக்கவேண்டும். இல்லையென்றால் பல் தேய்ந்துவிட்டது, கரண்டியை மாற்றுங்கள். அரைமணி நேரத்தில் பதிக்க முடிந்த அளவுக்கு மட்டுமே தடவுங்கள். நம் ஈரக்காற்றில் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே பசை தோல் கட்டிவிடும். சுவரோரம் அரை அங்குலம் விடுங்கள். அதை மறைக்கத்தான் ஓரச்சட்டம். பலகைக் கட்டுகளைப் பூச்சு காயாத வீட்டில் கொண்டுபோய் அடுக்கி, "மரம் ஊருக்குப் பழகட்டும்" என்று விடாதீர்கள். குடியிருக்கும்போது அந்த அறை எப்படி இருக்குமோ அந்தக் காற்றில்தான் மரம் பழகவேண்டும்.

என்னிடம் தீர்ப்பு கேட்டால் இதுதான். சென்னையிலோ கடலோரத்து வேறு ஊரிலோ தரைத்தளமென்றால், எண் என்ன வந்தாலும் இரண்டு கை எபாக்சித் தடுப்பு, அதன்மேல் சிலேன் பசை, அதன்மேல் அடுக்குப் பலகை. மாடித்தளத்தில் ஈரம் 75க்குக் கீழே என்று அளந்து தெரிந்தால், தடுப்புப் பூச்சு இல்லாமலே சிலேனோ நெகிழ்வான பி.யூ.வோ போதும், தேக்கின் முழுப்பலகையும் போடலாம். தரைத்தளத்துக்குச் சொன்னதற்குக் காசு கட்டுபடியாகாது என்றால், அங்கே மரம் வேண்டாம், சிவப்புச் சிமெண்ட் தரையோ ஆத்தங்குடிக் கல்லோ போடுங்கள். ஆசிரியர் வீட்டு அறையை என் செலவில் பெயர்த்தெடுத்து, தடுப்புப் பூச்சு அடித்து, அடுக்குப் பலகை போட்டுக்கொடுத்தேன். அது இன்றும் படுத்தபடியே இருக்கிறது.

இந்த மேசையில் மரத்துக்கு ஒன்றும் தளத்துக்கு ஒன்றுமாக ஈரம் அளக்கும் இரண்டு கருவிகள் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் எடுத்துக் கையாண்டு பாருங்கள். வரும் கோடையில் யார் வீட்டிலாவது மரத்தரை ஒட்டப்போகிறீர்கள் என்றால், இந்த மழைக்காலத்திலேயே தளத்தில் மூன்று இடத்தில் துளைபோட்டு அளந்து, வந்த எண்ணையும் தேதியையும் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதைக் காட்டிவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள்.